ஆடி மாதத்து லாரிகள்

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பொழுது விடிந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டேன். அகிலவேல் பம்ப்ஸ் தொழிற்சாலைக்கு எதிரே, அவிநாசி சாலையைத் தாண்டினால் ஒரு டீக்கடை. வேப்பமரத்தடியில் பெஞ்சு கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தால் தொழிற்சாலையின் முன்வாசல் முழுதாகத் தெரியும். வாசலுக்கு மேலே புதிதாக ஒரு வளைவு எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சவுக்குக் கட்டையில் சாரம், ஈரச் சாக்கு, சிமெண்ட் வாடை.

வேலை இதுதான்: சரக்கு ஏற்றி வெளியே போகும் லாரிகளை எண்ண வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும் வரை, இரண்டு வாரத்துக்கு. பெங்களூரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் கேட்கிறது. பிரணவ் என்ற பையன் போனில் தமிழிலேயே பேசினான். "யார்கிட்டயும் எதுவும் கேக்க வேணாம் சார். கேட்டா ஆளுங்க உஷாராயிடுவாங்க. எண்ணுங்க, எழுதுங்க, அனுப்புங்க. அவ்ளோதான்."

எதற்காக என்று நான் கேட்கவில்லை. பத்திரிகையில் இருந்தவரை யாராவது செய்தி கொடுத்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்று நான்கு வருடத்தில் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. கூலியில் வீட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர் வாங்கலாம். மனைவி சுலோச்சனாவுக்கு ஆஸ்துமா. கரண்ட் போனால் விசிறி நின்று, உட்கார்ந்தே விடிய விடிய மூச்சு வாங்குகிறாள்.

நான் ஓட்டி வந்த ஸ்கூட்டர் என் நண்பன் குழந்தைவேலுவுடையது. சூலூரில் முழங்காலுக்கு அக்குபஞ்சர், இரண்டு வாரம் போக வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். சாவியைத் தூக்கிப் போட்டான். "ஊசி குத்தறவன் கைதேர்ந்தவனாப்பா? மாத்திக் குத்தி வெச்சான்னா இருக்கற காலும் போயிரும்."

ஆகஸ்ட் 4, வெள்ளி

நேற்றும் இன்றும் சேர்த்து நான்கே லாரிகள். இவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆட்களை ஏற்றி வரும் பஸ்கள் மட்டும் நேரம் தவறாமல் வருகின்றன.

டீக்கடைக்காரர் பெயர் அய்யாசாமி. "ஆடி மாசமுங்க, ஏவாரமே இல்லீங்க" என்று அவராகவே புலம்பினார். ஆடியில் எந்தக் கடைக்காரர்தான் புலம்பாமல் இருக்கிறார். தலையை ஆட்டிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மழை. ஒரு பால்வண்டி வந்து போனது. அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்து, தனியாக ஒரு கேள்விக்குறியோடு எழுதினேன்.

ஆகஸ்ட் 12, சனி

கடைசி நாள். எண்ணிக்கையை அனுப்பினேன். "சூப்பர் சார், ரொம்ப சுத்தமா இருக்கு" என்று பிரணவ் பதில் போட்டான். வண்டியைத் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, குழந்தைவேலு வீட்டில் விட்டேன். "ஊசிக்குப் பலன் இருக்குதா?" என்றான். இருக்கிறது என்றேன். நொண்டாமல் நடந்து காட்டச் சொன்னான். காட்டினேன்.

செப்டம்பர் 2, சனி

இன்வெர்ட்டர் வந்துவிட்டது. சமையலறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மெல்ல ரீங்கரிக்கிறது. சுலோச்சனா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

செப்டம்பர் 6, புதன்

ரேஸ்கோர்ஸில் காலை நடை முடிந்து நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் இன்று கூட்டமாக இருந்தது. அகிலவேல் பங்கின் விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பகுதி விழுந்துவிட்டதாம். ஹார்க்னெல் கேபிடல் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம், ஹெட்ஜ் ஃபண்ட் என்கிறார்கள், நேற்று ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அகிலவேல் விற்பதாகக் காட்டும் பம்புகளில் பாதி விற்கப்படவே இல்லை, கணக்கு பொய் என்பது அதன் சாரம்.

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற திருமூர்த்திதான் விளக்கினார். "அவனுக அறிக்கை விடறதுக்கு முந்தியே ஷார்ட் அடிச்சு வெச்சிருக்கானுக சார். அதாவது, பக்கத்து ஊட்டுக்காரன் சைக்கிளை இரவல் வாங்கி வித்துப்போடறது. அப்பறம் 'இந்த சைக்கிள் ஓட்டை'ன்னு ஊரெல்லாம் தமுக்கடிக்கறது. விலை எறங்குனதும் அதே சைக்கிளை மலிவா வாங்கித் திருப்பிக் குடுத்துட்டு, மிச்சத்த ஜோப்புல போட்டுக்கறது."

"போலீசுல சொல்ல முடியாதுங்களா?" என்றார் சரோஜினி டீச்சர்.

"சட்டப்படி செஞ்சானுகன்னா எங்கிட்டுப் போயிச் சொல்றது டீச்சர்?"

எங்கள் கூட்டத்தில் இருபது பேருக்கு மேல் அகிலவேல் பங்கு வைத்திருக்கிறார்கள். உள்ளூர் கம்பெனி, உள்ளூர் பம்பு, எல்லார் தோட்டத்திலும் ஒன்று ஓடுகிறது என்ற நம்பிக்கை. குழந்தைவேலு பஞ்சாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்ததை மொத்தமாக இதில்தான் போட்டான். அவன் மகள் மேகலா பிசியோதெரபி படித்தவள். சிங்காநல்லூரில் ஒரு கடை பார்த்திருக்கிறார்கள், அவளுக்குச் சொந்தமாக ஒரு கிளினிக். அக்டோபரில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் இதுதான்.

குழந்தைவேலு ஷூ கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

அறிக்கையைத் திருமூர்த்தி எல்லாருக்கும் அனுப்பினார். வீட்டுக்கு வந்து படித்தேன். பதினோராம் பக்கத்தில் 'நேரடிக் கள ஆய்வு' என்று ஓர் அட்டவணை. தொழிற்சாலை வாசலில் வெளியேறிய சரக்கு லாரிகள். ஆகஸ்ட் 8ஆம் தேதிக்கு நேரே ஒரு கேள்விக்குறி.

செப்டம்பர் 7, வியாழன்

காலை நடைக்குப் போகவில்லை. இட்லிக்கு அரிசி ஊறப்போட்டு, அரைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

திருமூர்த்தி வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்துவிட்டார். 'அகிலவேல் காப்போம்'. முன்னூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சியிலிருந்தெல்லாம். திட்டம் எளிதானது: யாரும் விற்கக் கூடாது. முடிந்தவர்கள் இன்னும் வாங்க வேண்டும். விலை ஏற ஆரம்பித்தால் ஷார்ட் அடித்தவன் நஷ்டத்தோடு வாங்கித் திருப்ப வேண்டிவரும். அவன் வாங்க வாங்க இன்னும் ஏறும்.

மாலையில் திருமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க. நம்மாளுக போடறதெல்லாம் ஒரே வசவு. நீங்க எழுதுனா நாலு பேரு படிப்பான். நாப்பது வருசம் பேப்பர்ல எழுதுன கை இல்லீங்களா!"

கரண்ட் போனது. இன்வெர்ட்டர் சட்டென்று உயிர்பெற்றது. "அட, புதுசுங்களா?" என்றார். சுலோச்சனா அதன் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

எழுதிக் கொடுத்தேன். 'நாங்கள் சூதாடிகள் அல்லர். நாங்கள் இந்தக் கம்பெனியின் பம்பில் தண்ணீர் இறைத்தவர்கள். எங்கள் பங்கை விற்க மாட்டோம்.' இப்படிப் போகிறது. பொய் ஒன்றும் இல்லை. லாரிகளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை.

பொழுது போவதற்குள் எங்கெங்கோ சுற்றிவிட்டு என் தம்பி மகனிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. 'பெரியப்பா, யாரோ நல்லா எழுதியிருக்காங்க படிங்க.'

எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். அந்த வாசலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் லாரி போனது. கண்ணால் பார்த்தேன். ஹார்க்னெல் ஆசாமிகள் எப்படிப்பட்டவர்களாக வேண்டுமானாலும் இருக்கட்டும், சொன்ன விஷயம் சரி. இவர்கள் எல்லாரும் முங்கப்போகும் படகில் உட்கார்ந்துகொண்டு கை தட்டுகிறார்கள். உட்காரச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்.

செப்டம்பர் 13, புதன்

இன்னும் விழுந்தது. கம்பெனி வக்கீலை வைத்து ஒரு மறுப்பு வெளியிட்டது. 'ஆதாரமற்றது, உள்நோக்கம் கொண்டது.' ஒன்றையும் விளக்கவில்லை. திருமூர்த்தி, பொறுமை, பொறுமை என்று குழுவில் காலையும் மாலையும் போடுகிறார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இன்று குழுவிலிருந்து நாற்பது பேர் இரண்டு வேனிலும் வண்டிகளிலும் தொழிற்சாலைக்குப் போனார்கள். வாசலில் நின்று, எங்கள் கம்பெனி என்று பதாகை பிடித்துப் படம் எடுக்கத் திட்டம். நான் காலில் வலி என்றேன். குழந்தைவேலு விடவில்லை. "அறிக்கை எழுதுன ஆளே வல்லீன்னா எப்படி? எம்பட வண்டில உக்காரு, மெல்லக் கூட்டீட்டுப் போறேன்."

வளைவு வேலை முடிந்துவிட்டது. மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானைகள், தூணில் வாடிய வாழைமரம். ஞாயிறு என்பதால் வாசல் பூட்டியிருந்தது. படம் எடுத்தார்கள். எல்லாரும் டீக்கடைக்குப் போனார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வேன் மறைவிலேயே நின்றுகொண்டேன். வெயில் என்று சொன்னேன்.

அய்யாசாமி குழந்தைவேலுவின் வண்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவனிடம் குனிந்து ஏதோ சொன்னார். வேனில் பாட்டுப் போட்டிருந்ததால் காதில் விழவில்லை. குழந்தைவேலு டீயைக் குடித்து முடித்தான்.

திரும்பும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. எதிர்க்காற்றில் பேசுவது கஷ்டம்தான்.

செப்டம்பர் 18, திங்கள். விநாயகர் சதுர்த்தி

மேகலா கொழுக்கட்டை கொடுத்தனுப்ப, குழந்தைவேலுவே தூக்குப்பாத்திரத்தோடு வந்தான். சுலோச்சனா உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். இருவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம்.

"அந்த ஷேர் சமாச்சாரம்" என்றான். "குழுவுல எல்லாரும் என்னென்னமோ பேசறாங்க. நீ என்ன நினைக்கற? அறிக்கைல எழுதுனதச் சொல்லாதே. நீ என்ன நினைக்கறேன்னு சொல்லு."

நாங்கள் ஐந்தாம் வகுப்பிலிருந்து நண்பர்கள். என்னால் அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"வித்துரு" என்றேன்.

"நெசமாலுமா?"

"இருக்கற வரைக்கும் எடுத்துரு. கம்பெனில சரக்கு நகரவே இல்ல."

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"நேர்ல பாத்த மாதிரி?"

"நேர்ல பாத்த மாதிரிதான்."

யார் சொன்னார்கள், எப்படித் தெரியும் என்று எதையும் அவன் கேட்கவில்லை. என் முழங்காலை ஒருமுறை பார்த்தான். "செரி" என்றான். தூக்குப்பாத்திரத்தைக் கழுவ வேண்டாம், அப்படியே கொடு என்று வாங்கிக்கொண்டு போனான்.

எழுதும்போது மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. ஒருவனையாவது கரையேற்றிவிட்டேன்.

செப்டம்பர் 20, புதன்

குழந்தைவேலு எல்லாவற்றையும் விற்றுவிட்டான். போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்ததாம். கடைக்கு அட்வான்ஸ் போதாது. மேகலா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டானாம்.

அவன் மறைக்கத் தெரியாதவன். குழுவில் அவனே எழுதிவிட்டான்: 'நான் விற்றுவிட்டேன். சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று சொல்கிறேன்.'

செப்டம்பர் 21, வியாழன்

குழுவில் வந்தவற்றில் சில:

'ஊட்டுக்குள்ளயே எட்டப்பன்.'

'ஹார்க்னெல்காரன் டிபன் வாங்கிக் குடுத்தானாட்ட இருக்குது.'

'பொட்டச்சிக நாங்களே நிக்கறோம். மீசை வெச்ச மாஸ்டர் ஓடிட்டாரு.' பொள்ளாச்சி அம்மா ஒருவர்.

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். 'குழந்தைவேலு விற்றதற்குக் காரணம்' என்று எழுதி, அழித்தேன். திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன். 'மருதாசலம் சார் டைப் பண்ணிட்டே இருக்காரு, பெருசா ஏதோ வருது' என்று யாரோ போட்டார்கள். போனை அணைத்துவிட்டேன். மாலையில் பார்த்தபோது குழந்தைவேலு குழுவிலிருந்து வெளியேறியிருந்தான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

புரட்டாசி. வீட்டில் கறி இல்லை. சுலோச்சனா கேட்டாள், "குழந்தைவேலு அண்ணன் ஏன் நடக்க வர்றதில்லையாமா?" தெரியவில்லை என்றேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

கருமத்தம்பட்டியில் சுலோச்சனாவின் சித்தி மகன் தவறிவிட்டார். துக்கம் விசாரித்துவிட்டு மதியம் பஸ்ஸில் நான் மட்டும் திரும்பினேன். கணியூர் தாண்டியதும் பஸ் மெதுவானது. முன்னால் லாரிகள்.

எல்லாம் அகிலவேல் வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தன. தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, ஒன்றன் பின் ஒன்றாக. வளைவுக்கு அடியில் காவலாளி விசில் ஊதி வெளியே விட்டுக்கொண்டிருந்தான்.

நிறுத்தச் சொல்லி இறங்கினேன். டீக்கடை நிறைய ஓட்டுநர்கள். உட்கார இடமில்லை.

"வாங்க சாமி" என்றார் அய்யாசாமி. "சக்கரை இல்லாமத்தானுங்களே? ரொம்ப நாளா ஆளையே காணம்."

"இந்த லாரி எல்லாம் எப்போ இருந்து போகுது?"

"எப்பவும் போறதுதானுங்க."

"ஆகஸ்ட்ல நான் பாத்தப்ப ஏதோ ஒண்ணு ரெண்டுதானே போச்சு."

"அது ஆடிங்களே!" என்று சிரித்தார். "பழைய வாசல இடிச்சுப்போட்டாங்க, புது வாசலு கட்டி முடியறதுக்குள்ள ஆடி வந்துருச்சு. ஆவணியில பூசை போடாம அந்த வழியா சரக்கு போவப்படாதுன்னு மொதலாளியோட அம்மா சொல்லிப்போட்டாங்க. ஆளு போலாம், பஸ்ஸு போலாம், கழிவு இரும்பு ஏத்துன லாரி ஒண்ணு ரெண்டு போலாம், பம்புச் சரக்கு மட்டும் போவப்படாது. பின்னால ரெண்டு வேலிக்கு நடுவால ஒரு இட்டேரித் தடம் இருக்குதுங்க, அதை அகலப்படுத்தி லாரிய எல்லாம் அந்தப் பக்கமா வுட்டாங்க. எனக்குத்தான் அந்த ஒரு மாசம் ஏவாரம் படுத்துப்போச்சு. உங்ககிட்டக்கூடச் சொன்னனுங்களே."

"ஆடின்னு சொன்னீங்க. இதைச் சொல்லலையே."

"நீங்க கேக்கலீங்களே சாமி. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க."

டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். ஆறிப்போனது. காசு கொடுத்துவிட்டு நடந்தேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இட்டேரியில் இரண்டு பக்கமும் கள்ளி, நடுவில் முழங்கால் ஆழத்துக்கு லாரிச் சக்கரம் உழுத தடம். மழைத்தண்ணீர் தேங்கி, அதில் கொக்கு நின்றிருந்தது. அந்த டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நடந்திருந்தால் பீடி ஒன்று குடித்து முடிப்பதற்குள் வந்திருக்கலாம்.

செப்டம்பர் 27, புதன்

பிரணவுக்குப் போன் செய்தேன். வாசல் மாறிவிட்டது, நான் எண்ணியது சரக்கு போகாத வாசல் என்று சொன்னேன்.

"உங்க எண்ணிக்கை கரெக்ட்தானே சார்?"

"எண்ணிக்கை சரிதான்."

"அப்ப நீங்க ஏன் ஃபீல் பண்றீங்க? முன்வாசல்ல எண்ணுங்கன்னு சொன்னோம், எண்ணினீங்க. ரிப்போர்ட் க்ளையண்ட்டோடது. எங்களுக்கே அவங்க யாருன்னு அப்பத் தெரியாது."

"அவங்ககிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்" என்றான். சொல்ல மாட்டான்.

குழந்தைவேலுவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது? திரும்ப வாங்கு என்றா? விற்கச் சொன்ன வாயால் வாங்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அழைக்காமலே போனை வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 28, வியாழன்

குழுவில் எழுதினேன். நீளமாக இல்லை. 'ஹார்க்னெல் அறிக்கையின் பதினோராம் பக்க அட்டவணை முன்வாசலில் எண்ணியது. ஆடி முழுக்கச் சரக்கு பின்வாசல் வழியே போயிருக்கிறது. புது வளைவுக்குப் பூசை போடாததுதான் காரணம். கம்பெனி இதைச் சொல்ல ஏன் தயங்குகிறது? அந்த மாதத்துக் கணியூர் சுங்கச்சாவடி ரசீதுகளை வெளியிடச் சொல்லுங்கள்.'

அட்டவணையை எண்ணியவர் யார் என்று எழுதவில்லை.

திருமூர்த்தி உடனே அழைத்தார். "சார்! எப்படி சார் புடிச்சீங்க? நாங்கெல்லாம் படம் புடிச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தோம், நீங்க வேனுக்குப் பின்னால நின்னுக்கிட்டே விசாரிச்சிருக்கீங்களே! ரிப்போர்ட்டருன்னா ரிப்போர்ட்டருதான்!"

செப்டம்பர் 30, சனி

கம்பெனி ரசீதுகளைப் பங்குச் சந்தைக்குக் கொடுத்துவிட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சிரிப்பார்களே என்று பூசை விஷயத்தை வக்கீல்கள்தான் மறைக்கச் சொன்னார்களாம்.

அக்டோபர் 3, செவ்வாய்

விடுமுறை முடிந்து சந்தை திறந்ததும் ஏற ஆரம்பித்தது.

அக்டோபர் 5, வியாழன்

அறிக்கைக்கு முந்தைய விலையைத் தாண்டிவிட்டது. இப்போது வாங்குவது ஷார்ட் அடித்தவர்கள்தான் என்கிறார் திருமூர்த்தி. இரவல் வாங்கி விற்ற சைக்கிளை எந்த விலை கொடுத்தாவது வாங்கித் திருப்ப வேண்டுமே. குழுவில் பட்டாசுப் படங்கள். பொள்ளாச்சி அம்மா வீட்டு வாசலில் கோலம் போட்டு, நடுவில் அகிலவேல் பம்பு வரைந்து படம் அனுப்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸில் எனக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்களாம்.

கரண்ட் போனது. தெருவே இருண்டு, எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சம். ரீங்காரம் தாங்காமல் எழுந்துபோய் இன்வெர்ட்டரை நிறுத்தினேன். சுலோச்சனா இருமிக்கொண்டே, "பைத்தியமா உங்களுக்கு?" என்றாள். திரும்பப் போட்டேன்.

அக்டோபர் 7, சனி

குழந்தைவேலு வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பச்சை நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா. முட்டி எப்படி இருக்குது? ஊசி கேட்டுதா?"

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முழுக்கச் சொன்னேன். பெங்களூர் வேலை, டீக்கடை, அட்டவணை, ஆடி, இட்டேரி. அவன் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

"டீக்கடைக்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு" என்றான். "'இந்த வண்டி ஆடில ரெண்டு வாரம் இங்கதான் நின்னுச்சுங்க, ஒரு பெரியவரு நோட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, சக்கரை இல்லாத டீ'ன்னாரு. வேற யாரு?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது? நீயாச் சொல்லுவேன்னு மறுநாள் கொழுக்கட்டை தூக்கிட்டு வந்தேன். நீ வித்துருன்னு மட்டும் சொன்னே."

"நான் சொன்னதுனாலதான வித்தே?"

அவன் கடலைத் தொலியை முறத்திலிருந்து ஒதுக்கினான். "நீ சொன்னதுக்காக இல்லப்பா. நீ எண்ணுனதுக்காக. வெள்ளைக்காரன் எவனோ எண்ணுனான்னா நானும் திருமூர்த்தி மாதிரி நின்னிருப்பேன். அந்த அட்டவணை நீ போட்டதுன்னு தெரிஞ்சதுக்கப்பறம் எனக்குச் சந்தேகமே வல்ல. ஸ்கூல்ல ஆத்துப்பாலத்துல போற மாட்டுவண்டிய எண்ணச் சொன்னாலும் நீ எண்ணுனா மாறாது. மருதாசலம் எண்ணுனா செரியாத்தான் இருக்கும்னு வித்துப்போட்டேன்."

எண்ணிக்கை சரிதான் என்று பிரணவிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

எனக்கு வந்த கூலியை அவனுக்குத் தருவதாகச் சொன்னேன். "அதுல இன்வெர்ட்டர் வாங்கிட்டே. தங்கச்சி மூச்சு விடட்டும்" என்றான்.

"கோபமா இருக்கியா?"

"இருக்குது. இல்லீன்னு சொன்னா நீ நம்புவியா?" எழுந்தான். "நாளைக்குப் பொன்னாடை போத்தறாங்களாமே. போத்திக்க."

மேகலா காபி கொண்டுவந்தாள். "மாமா, கால் நீட்டுங்க, பாக்கறேன்" என்று முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். கேசரி, உளுந்து வடை. திருமூர்த்தி பேசினார். பொன்னாடை போர்த்தினார்கள், பச்சையில் ஜரிகை. என்னைப் பேசச் சொன்னார்கள்.

சொல்லிவிட்டேன். அந்த லாரிகளை எண்ணியது நான். கூலி வாங்கிக்கொண்டு எண்ணினேன். யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அனுப்பினேன். உங்களுக்கு விற்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தைவேலுவிடம் தனியாக விற்கச் சொன்னதும் நான். நீங்கள் எட்டப்பன் என்று எழுதியது அவனை. எழுதியிருக்க வேண்டியது என்னை.

பிறகு திருமூர்த்தி என் தோளைத் தட்டினார். "சார், நீங்க எண்ணுனதுனாலதான் தப்பு எங்கன்னு நமக்குத் தெரிஞ்சுது! இல்லீன்னா யாரு கண்டுபுடிக்கறது? நல்லதுக்குத்தான் சார் எல்லாம்!" யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். "பெருந்தன்மைங்க, ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும்" என்றார் ஒருவர்.

"குழந்தைவேலு?" என்றேன்.

"அவரு பயந்து வித்துட்டாருங்க. பாவந்தான். என்ன பண்றது, மார்க்கெட்டுன்னா அப்படித்தான்." வடைத் தட்டு நகர்ந்தது.

சரோஜினி டீச்சர் மட்டும் கை தட்டவில்லை. கூட்டம் கலைந்தபோது பக்கத்தில் வந்தார்.

"மாஸ்டர் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுங்களா?"

"நேத்துச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"கோபமா இருக்குதுன்னான்."

"அப்பறம் எதுக்குங்க எங்ககிட்டச் சொன்னீங்க?" என்றார். "நாங்க மன்னிச்சுப்போடுவோம்னு உங்களுக்குத் தெரியும். விலைதான் ஏறிருச்சுங்களே."

பொன்னாடையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்டோபர் 11, புதன்

மூன்று நாளாக நடைக்குப் போகவில்லை. இன்று காலை பிரணவ் அழைத்தான். திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறைக் குழுமம், அதே மாதிரி வேலை, கூலி கூட. "உங்க அளவுக்கு சுத்தமா யாரும் எண்ணறதில்ல சார்" என்றான்.

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டான்.

"வண்டி இல்லை" என்றேன்.